‘நார்மல்’ என்று எழுதித் தரும் தாளுக்கு எத்தனை மார்க்?

இரண்டு பக்கம், நான்கு கலர் படம், கடைசியில் ஒரு வரி: ‘நார்மல் ஸ்டடி’. கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா டியூபை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் டெஸ்ட், முடிந்து வெளியே வருகிறவர் கையில் மிஞ்சுவது இந்தத் தாள்தான். பேதி மருந்து குடித்த இரவும், மயக்க ஊசியும், கட்டிய பணமும் இந்த ஒரு வரிக்காகத்தான். அந்த வரியை நம்பிப் பலர் பத்து வருஷம் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நம்பலாமா என்பதைத் தாளின் மற்ற வரிகளே சொல்லிவிடும். அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

இது குறிப்பிட்ட எந்த ஆஸ்பத்திரியையும் பற்றிய மதிப்புரை அல்ல. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஹெல்த் செக்கப்பின் பகுதியாகவோ, டாக்டர் சொல்லியோ இந்தச் சேவையை வாங்குகிறவர், தனக்குக் கிடைத்தது சுளையா சக்கையா என்று பார்ப்பது எப்படி என்பதே இங்கு பேச்சு. நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. பெருங்குடலுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடும் ஏற்பாடு கிடையாது. அதனால் தரத்தைக் கேட்டுப் பார்க்கும் வேலையும் வாங்குகிறவர் தலையில்தான்.

முதலில், எவ்வளவு தவறுகிறது? ‘புற்று இல்லை’ என்று கொலோனோஸ்கோபியில் சொல்லப்பட்டு, 6 மாதத்திலிருந்து 36 மாதத்துக்குள் அதே குடலில் புற்று வெளிப்பட்டால், அதைத் தவறிய புற்றாகக் கணக்கில் எடுக்கிறார்கள். உலக எண்டோஸ்கோபி அமைப்பு 2018-இல் வகுத்த அளவுகோல் இது. இங்கிலாந்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் தெரியவந்த புற்றுகளில் தவறியவை 2005-இல் 100-க்கு 9 ஆக இருந்து, 2013-இல் 6.5 ஆகக் குறைந்திருந்தன. அதைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு. தேர்வு வைத்து அங்கீகரித்த டாக்டர்கள் மட்டும் செய்யும் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் தவறியது 3.6 சதவீதம். அரசு சேவைக்கு வெளியே செய்த இடங்களில் 9.3 சதவீதம். ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே மாதிரிக் கருவிகள், இரண்டரை மடங்கு வித்தியாசம். ‘லேட்டஸ்ட் ஹெச்டி மெஷின்’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்தைத் தேடி அலைபவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வேகமாக வளரும் புற்று இடையில் புதிதாக முளைத்திருக்கலாமே என்று தோன்றும். அப்படியும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். இங்கிலாந்தின் ஒரு மையத்தில் இப்படித் தவறிய 107 புற்றுகளை ஒவ்வொன்றாகப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், 10-இல் ஏறத்தாழ 9 தடுத்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. அன்றைக்கே இருந்த பாலிப்பை (குடல் சுவரில் முளைக்கும் சதைக் கட்டி) பார்க்காமல் விட்டது, குடலின் கடைசிவரை போகாதது அல்லது குடல் சுத்தமில்லாமலே பார்த்து முடித்தது, பார்த்த பாலிப்பை எடுக்காதது, எடுத்ததில் வேரை மிச்சம் வைத்தது. இந்த நான்கில் முதல் இரண்டுதான் பெரும்பங்கு.

ரிப்போர்ட்டுக்கு மொத்தம் 10 மார்க் வைத்துக்கொள்வோம்.

அதில் 3 மார்க் ஒரு படத்துக்கு. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். டியூப் ஆசனவாயில் நுழைந்து இடப்பக்கம் ஏறி, குறுக்கே போய், வலப்பக்கம் இறங்கி, சிறுகுடல் வந்து சேரும் சீகத்தைத் தொட வேண்டும். தொட்டதற்கு அத்தாட்சி இரண்டு: குடல்வால் துவாரம், சிறுகுடல் வால்வு. இந்த இரண்டின் படமும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ‘சீகம் வரை பார்க்கப்பட்டது’ என்று டைப் அடித்திருந்தால் போதாது. ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் அந்த வாக்கியம் முன்கூட்டியே ரெடியாக இருக்கும். படம் ரெடியாக இருக்காது. பரிசோதனைக்காகச் செய்யும் கொலோனோஸ்கோபியில் 100-க்கு 95 முறையாவது சீகம் வரை போக வேண்டும் என்பது பொதுவான தர அளவு. போக முடியாமல் போவதில் தப்பில்லை. வயிற்றில் பழைய ஆபரேஷன், குறிப்பாகப் பெண்களுக்குக் கருப்பை எடுத்த ஆபரேஷன் நடந்திருந்தால் குடல் ஒட்டி வளைந்திருக்கும், டியூப் சுருண்டுகொள்ளும். அப்போது ‘இவ்வளவு தூரம்தான் போக முடிந்தது, மீதியைச் சிடி கொலோனோகிராபியில் (சிடி ஸ்கேன் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது) பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுப்பது நேர்மையான ரிப்போர்ட். அப்படி எழுதியவருக்கு 3 மார்க்கையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்த 3 மார்க் சுத்தத்துக்கு. இதில் பாதிப் பொறுப்பு நம்முடையது, மீதிப் பாதி அவர்கள் தரும் குறிப்புத் தாளுடையது. ‘நன்றாகச் சுத்தம்’, ‘சுமார்’ என்ற சொற்களுக்கு மதிப்பில்லை. உலக அளவில் பாஸ்டன் அளவுகோல்தான் அதிகப் புழக்கம். வலக்குடல், குறுக்குக்குடல், இடக்குடல் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. டியூப் வழியாகத் தண்ணீர் அடித்துக் கழுவி உறிஞ்சிய பிறகு போடும் மார்க் அது. ஒவ்வொரு பகுதியும் 2-க்குக் குறையாமல் இருந்தால்தான் அது செல்லும் பரிசோதனை. மொத்தம் 6 வந்தாலும் 3, 2, 1 என்று வந்திருந்தால் அந்த 1 எந்தப் பகுதி என்று பாருங்கள். அது பெரும்பாலும் வலப்பக்கமாகவே இருக்கும். அப்படியானால் பத்து வருஷ நிம்மதி செல்லாது. ஒரு வருஷத்துக்குள் திரும்பச் செய்ய வேண்டும்.

வலப்பக்கம் ஏன் அழுக்காகிறது என்பதற்குக் காரணம் எளிது. முதல் நாள் மாலையே மருந்து முழுவதையும் குடித்து முடித்துவிட்டால், இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த சாறு சீகத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். காலையில் வலக்குடல் சுவரில் மஞ்சள் பசை பூசினாற்போல் ஒட்டியிருக்கும். அதனால்தான் மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிக்கச் சொல்வது: பாதி முதல் நாள் மாலை, மீதிப் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் ஆரம்பித்து, 2 மணி நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி கொடுக்கும் தாளில் ‘முந்தைய நாள் மாலை 6 மணிக்கு முழுவதும்’ என்று மட்டும் இருந்தால், காரணம் கேளுங்கள். காலை 7 மணி ஸ்லாட் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்வது அவர்கள் வசதிக்காக.

கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கமிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இரண்டாம் பாதி மருந்தைக் குடித்துவிட்டு பஸ் ஏற முடியாது. குடித்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து இரண்டு மூன்று மணி நேரம் கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். 11 அல்லது 12 மணி ஸ்லாட் கேட்டு வாங்கினால் விடிகாலை 5 மணிக்கு ஆரம்பித்து, 7 மணிக்குள் குடித்து முடித்து, 9 மணிவாக்கில் காரில் கிளம்பலாம். அல்லது முதல் நாளே வந்து தங்கிவிடலாம். லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்க மருந்தை முன்கூட்டியே குடிப்பதுதான் மிக மோசமான சிக்கனம்.

மருந்தில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. ஒன்று பாலிஎத்திலின் கிளைக்கால் தூள்: 137.15 கிராம் பொட்டலம், 2 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கலக்க வேண்டும். 250 மில்லி டம்ளரில் 10, 15 நிமிஷத்துக்கு ஒன்றாகக் குடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரக் குடித்தால் உப்புக் கரிப்பு தெரியாது. சர்க்கரை கலக்கக் கூடாது. இன்னொன்று சோடியம் பாஸ்பேட் திரவம்: சின்ன பாட்டில், குடிக்க எளிது, அதனாலேயே பிரபலம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள், பிரஷருக்கும் நீர் பிரிவதற்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். அமெரிக்க மருந்துத் துறை 2008-இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் அந்தச் சின்ன பாட்டிலை நீட்டும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சாப்பாடு: இரண்டு மூன்று நாளைக்கு முன்பே கீரை, கொய்யா, தக்காளி விதை, கத்தரி விதை, கேழ்வரகு, கம்பு, கொள்ளு எல்லாம் நிற்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் பலாப்பழத்தையும் முந்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலா நாரும் முந்திரித் துணுக்கும் எளிதில் வெளியேறாது. டியூபில் அழுக்கை உறிஞ்சும் வழி 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். ஒரு கொய்யா விதை போதும், அடைத்துக்கொள்ளும். டாக்டர் பாதி நேரம் அடைப்பெடுத்துக்கொண்டிருப்பார். வெள்ளைச் சோறு, இட்லி, முள் எடுத்த மீன், மோர் சாப்பிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சலுகை, மைதா பாகெட் ரொட்டியும் சரிதான். கடைசி நாளில் வடிகட்டிய ரசம், இளநீர், பால் விடாத டீ, பன்னீர் சோடா. ரோஸ்மில்க்கும் சிவப்புக் கலரும் கூடாது; உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை 5 முதல் 7 நாளைக்கு முன் நிறுத்த வேண்டும், அது மலத்தைக் கறுப்புப் பசையாக்கும். ரத்தம் இளக்கும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மலச்சிக்கல் உள்ளவர், நீண்ட நாள் சர்க்கரைக்காரர், அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர் ஆகியோருக்கு ஒரு பொட்டலம் போதாமல் போவது சகஜம். முன்பே சொல்லிவிடுவது நல்லது. கடைசியாகப் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். பழுப்பாகவோ துணுக்கோடோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். வாயை மூடிக்கொண்டு போய்ப் படுப்பதில் லாபம் யாருக்கும் இல்லை.

1 மார்க் நேரத்துக்கு. டியூபை உள்ளே செலுத்தும்போது பாதையைத்தான் தேடுவார்கள். குடல் சுவரைத் துருவிப் பார்ப்பது வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது. 2006-இல் அமெரிக்காவில் ஒரு குழுவின் டாக்டர்களை ஒப்பிட்டார்கள். சராசரியாக 6 நிமிஷத்துக்குக் குறைவாக எடுத்தவர்கள் 100-க்கு 11.8 பேரிடம் பாலிப் வகைக் கட்டி கண்டுபிடித்தார்கள். 6 நிமிஷமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 28.3 பேரிடம். 2024-இல் அமெரிக்கச் சங்கங்கள் அந்தச் சராசரியை 8 நிமிஷமாக உயர்த்தின. இது பாலிப் எடுக்கும் நேரம் போக, வெறுமனே பார்ப்பதற்கான நேரம். ஒரு மார்க் மட்டும் வைத்ததற்குக் காரணம், இந்த எண்ணை எழுதுவது எளிது. சீகம் படத்தின் மூலையிலும் மலக்குடல் படத்தின் மூலையிலும் கடிகார நேரம் அச்சாகியிருக்கும். கழித்துப் பாருங்கள்.

நேரத்தை எங்கே செலவழித்தார்கள் என்பதும் பெரிய விஷயம். தவறும் புற்றுகள் வலப்பக்கம் அதிகம். இடப்பக்கப் பாலிப் பெரும்பாலும் காளான் மாதிரிக் காம்போடு நிற்கும், கண்ணில் படும். வலப்பக்கம் இருக்கும் ஒரு வகை, ரம்பப்பல் அமைப்புப் பாலிப், சப்பையாகச் சுவரோடு படிந்திருக்கும். நிறமும் சுவர் நிறம்தான். மேலே மெல்லிய சளிப் படலம் போர்த்தியிருக்கும், மேகம் படிந்த மாதிரி. அந்தச் சளியைக் கழுவிவிட்டால்தான் ஓரம் தெரியும். இந்த வகை புற்றாக மாறும் பாதையும் வேறு, சில சமயம் வேகமும் கூடுதல். அனுபவமுள்ள டாக்டர் வலக்குடலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப டியூபைச் சீகத்துக்குத் தள்ளி இரண்டாம் தடவை பார்ப்பார், அல்லது நுனியை வளைத்து மடிப்புகளின் பின்பக்கத்தைப் பார்ப்பார். மலக்குடலில் நுனியைத் திருப்பி ஆசனவாயின் உள்விளிம்பைப் பார்த்த படமும் இருக்க வேண்டும். ஏஐ பொருத்திய மெஷின் பாலிப்பைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும், உதவிதான். ஆனால் திரையில் வராத மடிப்பின் பின்னால் இருப்பதற்கும், மலத்துக்கு அடியில் இருப்பதற்கும் அது கட்டம் போடாது.

ஒருவருக்கே இரண்டு முறை அடுத்தடுத்து கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிற்பாடு புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்களில் நான்கில் ஒன்று முதல் தடவையில் கண்ணில் படுவதில்லை. தவறுவதில் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கும் சின்னவை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியவை அரிதாகவே தவறும். அதனால் யாரும் பதற வேண்டாம். ஆனால் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் உண்டு. அதை அளக்கும் எண் ஒன்று இருக்கிறது: 100 பேருக்குச் செய்தால் எத்தனை பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறார் என்பது. போலந்தில் 2010-இல் வெளியான ஆய்வில், இந்த எண் 20-க்குக் கீழே இருந்த டாக்டர்களிடம் பார்த்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு புற்று வரும் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வில், இந்த எண் ஒவ்வொரு 1 கூடும்போதும் ஆபத்து 3 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் பாலிப்பே குறைவாகக் காணப்படுவதால் அவர்கள் இலக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனாலும் ‘உங்கள் யூனிட்டில் இந்தக் கணக்கு வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்கலாம். எண் என்ன என்பதைவிட, கேள்வி புரிந்ததா என்பதே பாதி பதில்.

பாலிப் விவரத்துக்கு 2 மார்க். எந்தப் பகுதி, எத்தனை மில்லிமீட்டர், காம்புள்ளதா சப்பையா, எதைக் கொண்டு எடுத்தார்கள், முழுவதும் வந்ததா, லேபுக்கு அனுப்பினார்களா. ‘சிறு பாலிப் அகற்றப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்தால் பூஜ்யம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 5 முதல் 20 மில்லிமீட்டர் பாலிப்களை எடுத்து முடித்த இடத்தின் ஓரத்தில் மறுபடி சதை எடுத்துப் பார்த்தால், 10-இல் ஒன்றில் மிச்சம் இருந்தது. டாக்டருக்கு டாக்டர் இது 6.5 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதம் வரை மாறியது. மிஞ்சிய வேர் சில வருஷத்தில் அதே இடத்தில் புற்றாக நிற்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பதைக் கரண்ட் இல்லாத கம்பிச் சுருக்கால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுப்பது இன்றைய முறை. கிள்ளியால் துண்டு துண்டாகப் பிடுங்குவது 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப்பில் நம்பகமில்லை. 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து பல துண்டாக எடுத்திருந்தால், 6 மாதத்தில் அந்த வடுவைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். லேப் ரிப்போர்ட் சில நாள் கழித்துத்தான் வரும். அதை வாங்கப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். முழுக்கதையும் அதில்தான் இருக்கிறது.

கடைசி 1 மார்க், அடுத்து எப்போது என்று எழுதியிருப்பதற்கு. சுத்தமான குடலில் ஒன்றும் இல்லையென்றால் 10 வருஷம். ஒரு சென்டிமீட்டருக்குள் ஒன்றிரண்டு சாதாரண அடினோமா என்றால் 7 முதல் 10 வருஷம். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, அல்லது செல்களின் மாற்றம் முற்றியது என்று லேப் சொன்னால் 3 வருஷம். பாலிப் இல்லாதவர்கள் 8-க்கு மார்க் போட்டுக்கொள்ளலாம். 8-க்கு 5-க்குக் கீழே வாங்கும் ரிப்போர்ட்டை இன்னொரு குடல் சிறப்பு மருத்துவரிடம் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

இந்த அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்பு, எது முந்தியோ அப்போதே ஆரம்பிக்க வேண்டும். குடும்பத்தில் குடல், கருப்பைப் புற்றுகள் தலைமுறை தலைமுறையாக இளம் வயதில் வருகிற லிஞ்ச் வகைக்காரர்களுக்குப் பாலிப் புற்றாக மாறும் வேகம் அதிகம். ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை. பல வருஷமாகக் குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கும் தவறும் விகிதம் கூடுதல், ஏனென்றால் சிவந்து புண்ணான சுவரில் புதுக் கட்டியைப் பிரித்தறிவது கடினம். இங்கிலாந்துக் கணக்கில் பெண்கள், முதியவர்கள், குடல் சுவரில் பை பையாகப் புடைத்தவர்கள், வேறு நோய் பல உள்ளவர்கள் ஆகியோரிடமும் தவறியது அதிகம். இதில் யாராவது ஒருவர் என்றால், ஸ்லாட் வாங்கும்போதே சொல்லி, பரபரப்பில்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

‘நார்மல்’ தாள் பீரோவில் இருக்கும்போது ரத்தம் போனால் என்ன செய்வது? இந்த வட்டாரத்தில் முதல் பதில் ‘மூலம்’. பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் மூல வைத்திய விளம்பரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். கூடவே ‘போன வருஷம்தானே கேமரா டெஸ்ட் பண்ணீங்க’ என்று சொல்லவும் ஆள் இருக்கும். தவறிய புற்று தாமதமாவது இங்கேதான். புதிதாக ரத்தப்போக்கு, ஆறு வாரத்துக்கு மேல் மலப்பழக்கம் மாறியது, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால், பழைய ரிப்போர்ட்டோடு குடல் மருத்துவரிடமே போக வேண்டும். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால் அதுவும் இதே கணக்கு. வலக்குடல் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவிடும். ஹீமோகுளோபின் குறைவது மட்டுமே அடையாளமாக இருக்கும். காரணம் தேடாமல் இரும்பு டானிக் கொடுத்தால் எண் ஏறும், கட்டி அங்கேயே இருக்கும்.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: படங்களோடு முழு ரிப்போர்ட், லேப் ரிப்போர்ட், எந்த மருந்தை எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்று எழுதிய துண்டுச்சீட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான போட்டோ உதவாது. பல இடங்களில் படங்களை சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டால் தருவார்கள், அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.